மார்கழியில் தண்ணீர் விட்ட பாரசீகத் தோட்டம்

சுவிஸில் திரிம்பாக் ஊர்க் கோவில் தேர் முடிந்து, அன்னதான வரிசையில் நின்றபோது நீங்கள் நாலைந்து பேர் என்னை மறித்தீர்கள். “அண்ணை, முப்பது வருசம் இந்த நாட்டிலை தோட்ட வேலை செய்தனீங்கள். புதுசா இந்த வேலைக்கு வாற எங்களுக்கு ஏதாவது எழுதித் தாங்கோவன்” என்று கேட்டீர்கள். பசி. ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து கொப்பியைத் திறந்தால் ஒரு சம்பவத்தைத் தவிர வேறொன்றும் எழுத வரவில்லை. அது எனக்குப் பெருமை தரும் சம்பவமும் இல்லை.

வேலியை எந்த மாதம் வெட்டுவது, மண்ணை எப்படிப் பதப்படுத்துவது என்பதெல்லாம் உங்களுக்குத் தொழிற்பள்ளியில் சொல்லித் தருகிறார்கள். எனக்குச் சொல்லித் தந்தது முதுகுவலிதான். அந்தப் பாடங்களை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. உங்களில் பாதிப் பேர் என்னைவிட நன்றாகப் படித்தவர்கள். ஆனால் நம்முடைய ஆட்களுக்கென்றே ஒரு வியாதி இருக்கிறது. அதைப் பற்றி எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் நடத்துவதில்லை.

‘கைன் ப்ரொப்லேம்.’ பிரச்சினை இல்லை. ஜேர்மன் மொழியில் நான் படித்த முதல் சொல் அதுதான். வணக்கம் சொல்லுவதற்கு முன்பே அதைச் சொல்லப் பழகிவிட்டேன். அகதி விண்ணப்பம் இழுபட்டுக்கொண்டிருந்த காலத்தில், தோட்ட நிறுவனம் ஒன்றில் கல் சுமந்தேன். ஒருநாள் சின்ன விரலில் கல் விழுந்து விரல் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. ஷெஃப், அதுதான் என் முதலாளி, “போகிறாயா வீட்டுக்கு?” என்று கேட்டார். “கைன் ப்ரொப்லேம்” என்றேன். அதே கிழமை சுவிஸ்காரத் தொழிலாளி ஒருவன் தும்மல் வந்ததென்று மூன்று நாள் லீவு எடுத்தான். அவனைப் பார்த்து நான் உள்ளுக்குள் சிரித்தேன். என் மடத்தனத்தைப் பாருங்கள்.

பிறகு என் வதிவிட அனுமதிக்காக ஷெஃப் மாநில அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தார். ‘இந்த மனிதர் ஒருநாளும் முடியாது என்று சொன்னதில்லை’ என்று அதில் எழுதியிருந்தார். அனுமதி கிடைத்தது. அந்தக் கடிதத்தின் பிரதியைப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களோடு சேர்த்து வைத்திருந்தேன். என் வீட்டையும் பிள்ளைகளின் படிப்பையும் அந்த ஒரு வரிதான் வாங்கித் தந்தது என்று உண்மையாகவே நம்பினேன்.

இப்போது தோட்டத்துக்கு வருகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு, எங்கள் நிறுவனத்துக்கு ஒரு வேலை வந்தது. தனியார் அருங்காட்சியகம் ஒன்று. எந்த ஊர் என்று சொல்ல மாட்டேன். அவர்களிடம் ஒரு பழைய பாரசீகக் கம்பளம் இருந்தது. கம்பளம் முழுவதும் ஒரு தோட்டம்தான். நடுவே ஒரு குளம். அதிலிருந்து நாலு பக்கமும் வாய்க்கால்கள், அவற்றுக்குள் நெய்த மீன்கள், இரண்டு பக்கமும் சைப்பிரஸ் மரங்கள், மூலைகளில் பூப்பாத்திகள். வானத்தில் நின்று பார்ப்பதுபோல நெய்திருந்தார்கள். அந்தக் கம்பளத்தில் இருப்பதைப் பின்முற்றத்தில் நிலத்திலேயே கட்ட வேண்டும். அந்தக் கம்பளத்தின் கண்காட்சி முடியும்வரை வைத்திருந்து, பிறகு கலைப்பதா விடுவதா என்று யோசிப்பார்கள். இதுதான் வேலை.

வரைபடம் போட்டவர் ஓர் ஈரானியர், கட்டடக்கலைஞர். அந்த நாட்டில் அப்படிப்பட்டவர்களை மரியாதையாக ‘மொஹந்தெஸ்’ என்று கூப்பிடுவார்களாம். நானும் அப்படியே கூப்பிட்டேன். எழுபது தாண்டிய மனிதர், மெலிந்த உடம்பு, நெஞ்சில் எப்போதும் ஓர் இரைச்சல். இளம் வயதில் நாட்டை விட்டு ஓடி வந்தவர். இங்கே வந்து வேறு ஆட்களின் அலுவலகங்களில் வாழ்நாள் முழுக்க வாகனத் தரிப்பிடங்களை வரைந்திருக்கிறார். நிலக்கீழ் தரிப்பிடம், மாடித் தரிப்பிடம், ஆஸ்பத்திரித் தரிப்பிடம்.

“என்ரை பேரிலை இந்த நாட்டிலை ஒரு நாய்க்கூடு கூட இல்லை” என்று முதல்நாளே என்னிடம் சொன்னார். நாங்கள் இருவரும் கதைத்தது உடைந்த ஜேர்மன்தான். எனக்கு அவர் பேச்சு எங்கள் தமிழாகவே மனதில் கிடக்கிறது. அப்படியே எழுதுகிறேன்.

வேலை தொடங்கியதும் ஷெஃப் கேட்ட முதல் கேள்வி, சுவர் எதற்கு என்பதுதான். வெளியிலும் பச்சை, உள்ளேயும் பச்சை. இரண்டுக்கும் நடுவே ஆளுயரத்துக்கு மண்ணிறச் சுவர் எழுப்பினால் பார்க்க வருபவர்களுக்கு மறைக்காதா? மொஹந்தெஸ் பொறுமையாகச் சொன்னார்: “எங்கடை நாட்டிலை வெளியிலை கிடக்கிறது கல்லும் தூசியும். முதல்லை சுவர். பிறகு தண்ணி. பிறகு மரம். மனுசன் கடைசியாத்தான் உள்ளுக்கு வாறவன். சுவர் இல்லாட்டி இது பார்க், தோட்டமில்லை.” ஷெஃப் தோளைக் குலுக்கினார். எனக்கு விளங்கியது. யாழ்ப்பாணத்தான் ஒருவனிடம் வேலியின் அருமையை யாரும் விளக்கத் தேவையில்லை.

எங்கள் ஊரில் ஆறு இல்லை என்று சொன்னபோது அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கிணற்றுத் தண்ணீரை வாய்க்காலில் விட்டு வெங்காயப் பாத்திக்குக் கொண்டுபோவதை விவரித்தேன். அவர் தங்கள் நாட்டில் மலையடியிலிருந்து நிலத்துக்குக் கீழே சுரங்கம் வெட்டி, மைல்கணக்கில் தண்ணீர் கொண்டுவந்து, கடைசியில் ஒரு தோட்டத்தின் வாசலில் வெளியே விடுவதைச் சொன்னார். அன்றைக்குப் பிறகு தண்ணீர் சம்பந்தமான எதையும் என்னிடம்தான் கேட்பார். ஷெஃப்பிடம் கேட்க மாட்டார். எனக்குத் தலை கொஞ்சம் வீங்கித்தான் போனது.

மத்தியான இடைவேளையில் பழைய ஓவியங்களின் படங்களைக் காட்டுவார். சுவருக்குள்ளே இளவரசர்கள், பூத்த மரங்கள், நடுவில் வாய்க்கால். வாய்க்கால் மட்டும் கறுப்பாக இருந்தது. சாக்கடையா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரித்துச் சிரித்து இருமினார். அந்தக் காலத்து ஓவியர்கள் தண்ணீருக்கு வெள்ளிப் பூச்சுப் பூசினார்களாம். காலம் போகப் போக வெள்ளி கறுத்துவிட்டதாம். “வரையேக்கை மினுங்கியிருக்கும். இப்ப உலகத்திலை உள்ள எங்கடை தோட்டத்துத் தண்ணியெல்லாம் கறுப்பு” என்றார். அதனால்தான் அவருக்கு மினுங்குகிற நீல ஓடுகள் வேண்டியிருந்தன.

வாய்க்காலின் அடியிலும் குளத்திலும் பதிக்க, அவருடைய நாட்டிலிருந்து கையால் செய்த நீல ஓடுகளைத் தருவித்தார். பனிக்குத் தாங்கும் தொழிற்சாலை ஓடுகளை ஷெஃப் கொண்டுவந்து காட்டினார். “இது கக்கூஸ் நீலம்” என்று சொல்லி மொஹந்தெஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கொண்டுவந்ததில் உடைந்த ஒன்றை எடுத்து, விளிம்பில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சோற்றில் ஊற்றிய ரசம்போல உள்ளே போய்விட்டது. அப்படி உறிஞ்சும் ஓட்டுக்குள் தண்ணீர் இருக்கும்போது உறைந்தால், மேல்பூச்சு கழன்று வெடிக்கும். அதை அவரிடம் சொன்னேன். அப்போது சொல்ல எனக்கு வாய் இருந்தது.

அவர் கோபிக்கவில்லை. இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டோம். சித்திரையிலிருந்து ஐப்பசி நடுப்பகுதிவரை மட்டும் தண்ணீர். பனி தொடங்குமுன் முழுக்க வடித்து, காயவைத்து, மூடிவிட வேண்டும். அப்படிச் செய்தால் ஓடு இருபது வருடமும் இருக்கும். ஒப்பந்தத்திலும் அதை எழுதினார்கள். ஆனால் சுவர், பாத்தி, வாய்க்கால் எல்லாம் கட்டி முடிய ஐப்பசி கடந்துவிட்டது. வாய்க்காலைத் துண்டு துண்டாகச் சோதித்தோமே தவிர, முழுத் தோட்டத்திலும் ஒருமுறையாவது தண்ணீர் ஓடவில்லை. வசந்தத்தில் திறப்போம் என்று மூடி வைத்தோம்.

மார்கழித் தொடக்கத்தில் அருங்காட்சியகத்தின் இயக்குநர் அம்மா எங்கள் மூவரையும் முற்றத்துக்கு அழைத்தார். நல்ல மனுசி, படபடப்புக்காரி. அருங்காட்சியகத்துக்கு உதவுகிற பெரிய மனிதர்கள் அடுத்த கிழமை ஒரு பிற்பகல் வருகிறார்களாம். தோட்டத்தை நிரந்தரமாக வைப்பதா, கண்காட்சியோடு கலைப்பதா என்று அன்றைக்கே முடிவு செய்வார்கள். காய்ந்த வாய்க்காலை மூடிய விரிப்போடு காட்டினால் யாருக்கு மனம் வரும்? ஒரு கிழமைக்கு மட்டும் தண்ணீர் விட முடியுமா? வானிலை அறிக்கையும் மிதமான குளிர் என்றுதான் சொல்கிறது.

ஷெஃப் உடனே சரி என்ற மாதிரித் தலையை ஆட்டினார். பெரிய வாடிக்கையாளர், முகம் கோணக்கூடாது. மொஹந்தெஸ் என் பக்கம் திரும்பினார். அந்த முகத்தை இன்னும் மறக்கவில்லை. உதடு வெளிறிப்போயிருந்தது.

“உங்களுக்குத்தான் தண்ணியும் தெரியும், இந்த ஊர்க் குளிரும் தெரியும்” என்றார். “நீங்கள் ஏலாது எண்டு சொன்னால் நானும் ஏலாது எண்டு சொல்லிப்போடுவன். சொல்லுங்கோ.”

பிள்ளைகளே, அந்த நேரத்தைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மூன்று பேர் என் வாயைப் பார்க்கிறார்கள். ஏலாது என்று எனக்கு நூற்றுக்கு நூறு தெரியும். அறிக்கையில் மிதமான குளிர் என்பது நகரத்துக்கு. நாலு பக்கமும் சுவர் எழுப்பிய பள்ளமான முற்றத்தில் குளிர் இறங்கினால் அங்கேயே தங்கும் என்பது தோட்டக்காரனுக்குத் தெரியும். ஆனால் ஏலாது என்றால் தோட்டம் வசந்தத்தில் கிண்டி எறியப்படலாம். ஷெஃப்புக்கு முகம் கறுக்கும். இந்த மனிதருக்கோ வேறு தோட்டம் கிடையாது. இதையெல்லாம் நிறுத்துப் பார்த்து முடிவெடுத்தேன் என்று சொன்னால் அது பச்சைப் பொய். நான் யோசிக்கவே இல்லை. முப்பது வருடம் பழகிய வாய் தானாகத் திறந்தது.

“கைன் ப்ரொப்லேம்.”

மொஹந்தெஸ் கையிலிருந்த வரைபடத்தைச் சுருட்டினார். பிறகு “சரி” என்றார். இயக்குநர் அம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

தண்ணீர் விட்டோம். வாய்க்கால்களைத் துண்டு துண்டாக நிரப்பி வைத்தோம்; நாலிலும் ஒரேயடியாக ஓடவிட்டு நடுக் குளத்தை நிரப்புவது பெரிய மனிதர்கள் வரும் பிற்பகலில்தான். முதல் நாலு நாள் ஒன்றும் உறையவில்லை. ஐந்தாம் நாள் மொஹந்தெஸுக்கு மூச்சு முட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள். பெரிய மனிதர்கள் வரும் நாளன்று அவர் ஒட்சிசன் குழாயோடு கிடந்தார். அன்று காலையிலேயே காற்று மாறிவிட்டது. மூக்கு நுனி சொல்லியது. தண்ணீர் இறைக்கும் மோட்டார் உறையாமல் இருக்க, சுவருக்கு வெளியே இருந்த மோட்டார்க் கிடங்குக்குள் வெப்பக்காற்று ஊதியைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தேன். மேலே காலடிச் சத்தம், பேச்சு, பிறகு கைதட்டல். தோட்டத்தை நிரந்தரமாக வைப்போம் என்று அங்கேயே சொல்லிவிட்டார்களாம். ஷெஃப் கிடங்கு வாயில் குனிந்து, பெருவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போனார்.

அவர்கள் போனதும் மோட்டாரை நிறுத்தி, கிடங்குக்குள்ளேயே இருந்த வடிகால் குழாயைத் திறந்தேன். ஒரு சொட்டும் போகவில்லை. மறுமுனை உறைந்து அடைத்துவிட்டது. கொதிதண்ணீர் ஊற்றினேன். இருட்டியபின் மேலே ஏறி, வாளியால் அள்ளி அள்ளி மதிலுக்கு வெளியே ஊற்றினேன். கை மரத்துப்போய்விட்டது. வாய்க்காலில் நின்ற தண்ணீரை அள்ளலாம். ஒரு கிழமையாய் ஓட்டுக்குள் ஊறிய தண்ணீரை எந்த வாளியால் அள்ளுவது?

அடுத்த நாள் காலை போனபோது முற்றத்தில் பொரி வெடிப்பதுபோலச் சின்னச் சின்னச் சத்தம். நீலப் பூச்சுகள் ஒவ்வொன்றாகக் கழன்று, மிஞ்சிய ஐஸுக்கு மேலே கிடந்தன. கீழே வெறும் செங்கல் நிறம். ஐயோ என்று வாய்விட்டுச் சொன்னேன். கேட்க ஒருவரும் இல்லை. தை மாதம் முடிவதற்குள் வாய்க்காலின் பக்கச் சுவர்களும் பிளந்துவிட்டன.

யார் பிழை என்ற கேள்வி வந்தது. அதற்குள் மொஹந்தெஸ் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தபடியே அருங்காட்சியகத்துக்கு ஒரு கடிதம் எழுதிவிட்டார். ‘ஓடுகளைத் தெரிவு செய்தது நான், எச்சரிக்கப்பட்டும் பிடிவாதமாக நின்றது நான், தோட்டக்காரர்களின் வேலையில் ஒரு குறையும் இல்லை.’ இவ்வளவுதான் கடிதம். யாரும் கேட்காமலே கொடுத்த வாக்குமூலம். எல்லாருக்கும் அது வசதியாகப் போய்விட்டது. அருங்காட்சியகத்தார் ‘வரைபடக் குறைபாடு’ என்று எழுதிக் கோப்பை மூடினார்கள். தோட்டத்தை நிரந்தரமாக வைக்கிற பேச்சும் நின்றுபோனது. அவர் பெயரில் இந்த நாட்டில் கடைசியாகக் கிடைத்தது அந்த ஒரு சொல்.

கடிதத்தை ஷெஃப் தன் அறையில் எனக்கு வாசித்துக் காட்டினார். “பெருந்தன்மையான மனிதர்” என்றார். தண்ணீர் விடலாம் என்று சொன்னவன் நான் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. வசந்தத்தில் முற்றத்தை நிரப்ப ஆள் வேண்டும் என்றபோது என்னைத்தான் அனுப்பினார். அப்போதும் என் வாயிலிருந்து வந்தது அதே இரண்டு சொல்தான். நாங்கள் வெட்டிய வாய்க்காலை நானே சரளைக்கல் போட்டு மூடினேன். சுவரை இடித்தோம். சைப்பிரஸ் மரங்களை வேறு யாரோ வாங்கிப் போனார்கள். இப்போது அங்கே சைக்கிள் நிறுத்துகிறார்கள். வாழ்க்கை முழுக்கத் தரிப்பிடம் வரைந்த மனிதருக்கு வாய்த்ததைப் பார்த்தீர்களா?

அந்த வருடம் முழுக்க என்னால் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை. மனைவி, “போய் அந்த மனுசனிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. இல்லாட்டி இப்பிடியே விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பியள்” என்று பிடுங்கினாள். இனி என் வாயிலிருந்து ஒரு பொய்யும் வராது என்று எனக்குள் சத்தியம் செய்துகொண்டேன். புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் இருந்த பராமரிப்பு இல்லத்துக்குப் போனேன். ரயிலில் நெடுகிலும் சொல்ல வேண்டியதை ஜேர்மனில் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

கதிரையில் ஒரு பிடி எலும்பாய் இருந்தார். என்னைக் கண்டதும் சிரித்தார். நான் உட்காரவும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ஏலாது என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் பிரச்சினை இல்லை என்று சொன்னேன். கடிதத்தில் உங்கள் பெயரல்ல, என் பெயர் வந்திருக்க வேண்டும்.

அவர் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினார். “இருங்கோ. எனக்கும் தெரியும். அந்த ஓட்டைப் பற்றி நீங்கள் எனக்குச் சொன்னதை நான் மறப்பனோ? நீங்கள் ஏலாது எண்டு சொல்லுவியள் எண்டுதான் கேட்டனான். என்ரை வாயாலை சொல்ல எனக்குத் துணிவில்லை. நானும் இந்த நாட்டுக்கு வந்த நாளிலையிருந்து எல்லாத்துக்கும் தலையாட்டினவன்தானே.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு பேரும் ஒருவர் மற்றவரை நம்பி நின்றிருக்கிறோம். யாராவது ஒருவர் ஒரு சொல் சொல்லியிருந்தால் அந்தத் தோட்டம் தப்பியிருக்கலாம், தப்பாமலும் போயிருக்கலாம். ஓடாவது வெடித்திருக்காது. அந்த மனிதரின் பெயராவது மிஞ்சியிருக்கும். நீங்கள் வேலைத்தளத்தில் நிற்கும்போது இதை நினைவில் வையுங்கள். உங்களிடம் கேட்பவர், உங்கள் வாயால் ‘ஏலாது’ என்று வராதா என்று ஏங்கிக்கொண்டு நிற்கலாம். உங்கள் வதிவிட அனுமதிப் பத்திரத்தில் தற்காலிகம், நிரந்தரம் என்று எந்த வகை எழுத்து இருந்தாலும் பரவாயில்லை, சொல்லுங்கள்.

இதோடு நிறுத்தியிருந்தால் நல்லது. ஆனால் நடந்ததை முழுக்க எழுதாவிட்டால் இது வெறும் புத்திமதியாகிவிடும்.

நான் புறப்பட எழும்பியபோது அவர் என் கையைப் பிடித்தார். “ஒரு விசயம் கேக்கவேணும்” என்றார். “அண்டைக்கு நாலு வாய்க்காலிலையும் ஒரேயடியாத் தண்ணி வந்து நடுக் குளம் நிறைஞ்சுதுதானே? நான்தான் பாக்கேல்லை. நீங்கள் அங்கை நிண்டனீங்கள். எப்பிடி இருந்தது?”

அவர் கண் அப்படி விரிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நான் பாக்கேல்லை, மொஹந்தெஸ்” என்றேன். “நான் கிடங்குக்குள்ளை நிண்டனான். நான் மேலை ஏறி வரேக்கை இருட்டிப்போச்சு.”

அவர் கையை விட்டார். “ஓ, அப்பிடியோ” என்றார். போர்வையை நெஞ்சுவரை இழுத்துக்கொண்டு, யன்னல் பக்கம் திரும்பிவிட்டார். நான் வெளியே வந்தேன். மூன்று கிழமையில் அவர் இறந்த செய்தி வந்தது.

அவரைப் பார்த்து வந்த அன்றிரவே சாப்பாட்டு மேசையில் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையைச் சொல்லிவிட்டேன், ஒன்றையும் மறைக்கவில்லை என்று சொன்னேன். கடைசிக் கேள்வியையும் நான் சொன்ன பதிலையும் கேட்டதும் அவள் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஊரிலை உள்ள எல்லாருக்கும் ஓம், ஓம் எண்டு சொன்ன மனுசன்” என்றாள். “அந்த ஒராளுக்கு, வடிவாய் இருந்தது எண்டு ஒரு சொல்லுச் சொல்ல ஏலாமல் போச்சோ உங்களுக்கு?”